ஒரு புள்ளி வெற்றியும் இவருடைய முழங்காலும்

மெல்பேணில் இருந்த என் தம்பி வீடியோ கசற் அனுப்புகிறான் என்றதும் கலியாண வீடோ, பிள்ளையின் பிறந்தநாளோ இருக்கும் என்று நம்பித்தான் முதல் பார்சலைப் பிரித்தோம். உள்ளே இருந்தது ஒரு பெரிய வட்ட மைதானம். கையில்லாத சட்டையும் கட்டைக் காற்சட்டையும் போட்ட ஆட்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிப் பந்து பிடித்தார்கள், மோதினார்கள், விழுந்தார்கள், எழும்பி ஓடினார்கள். தம்பியோடு தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் இந்த ஆட்டத்தில் பைத்தியமாம். அது அவனுக்கும் பிடித்து, அக்காவுக்கும் பிடிக்கட்டும் என்று பதிந்து அனுப்பியிருந்தான்.

பிடித்துத்தான் போனது. இத்தாலியில், பலெர்மோ நகரம் முழுக்க உதைபந்தாட்டத்தில் கிடந்த தொண்ணூறுகளில், போர்கோ வெக்கியோ சந்தைக்கு மேலே இருந்த எங்கள் வீட்டில் மட்டும் ஒரு தமிழ்க் கூட்டம் அவுஸ்திரேலிய ஆட்டத்துக்குத் தொண்டை கிழியக் கத்தியது. வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. ஞாயிறு பூசை முடிந்ததும் ஏழெட்டுப் பேர் வந்து நிலத்தில் குந்திவிடுவார்கள். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டுக் கூரையில் இடிப்பாள். அவள் இடிப்பதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

தம்பி எந்த அணியின் பக்கமோ அதுவே எங்கள் அணி. சட்டதிட்டம் ஒன்றும் தெரியாது. கோல் கம்பங்களுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டு ஒருவர் நிற்பார். அவர்தான் டொக்டர் என்று முதல் சில மாதங்கள் நம்பியிருந்தோம். காயப்பட்டவன் அந்தப் பக்கம் கிடந்து துடிக்க, இந்த மனிதர் இரண்டு கொடியை ஆட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தம்பிதான் தொலைபேசியில் சிரித்துச் சிரித்துச் சொன்னான், "அக்கா, அவர் கோல் விழுந்ததெண்டு காட்டுற ஆள். டொக்டர்மார் வெளியிலை நிக்கினம்."

இன்னொரு சட்டத்தையும் அவன்தான் விளங்கப்படுத்தினான். ஒருவனுக்கு இரத்தம் வந்தால் உடனே வெளியே வந்துவிட வேண்டும். அது தண்டனை இல்லை. மருந்து போட்டுக் கட்டி, இரத்தம் நிற்கும்வரை அவன் இடத்தில் வேறொருவன் ஓடுவான். நின்றதும் அவன் திரும்பிப் போகலாம். இதை நான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குச் சொன்னபோது, கூட்டத்தில் மூத்தவரான மன்னார் அண்ணை தலையை ஆட்டினார்.

"நல்ல சட்டம்," என்றார். "காயம் மாறி வந்தா அவன்ரை இடம் அவனுக்குத்தான்."

இவர், என் கணவர், எழும்பிப் போய்ச் சன்னலைச் சாத்தினார். குளிரவும் இல்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். பலெர்மோவில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வருத்தம் வந்து படுத்தாலும் ஊருக்குப் போவதென்றாலும் வேலை செய்கிற வீட்டுக்குத் தன் இடத்தில் ஓர் ஆளை விட்டுவிட்டுத்தான் போவார்கள். சினியோராவுக்கு, அதாவது வீட்டுக்காரிக்கு, வேலை நின்றுபோகக் கூடாது; போனவருக்கு இடமும் பறிபோகக் கூடாது. மன்னார் அண்ணை தாயின் சாவுக்குப் போனபோது பொலித்தெயாமா பக்கம் ஒரு பழைய மாளிகை வீட்டில், நடமாட முடியாத வயதான வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்துக்கு இவரை விட்டுப் போனார். ஊரில் சண்டை, பாதை பூட்டு; மாதக்கணக்கில் அண்ணையால் திரும்ப முடியவில்லை. வந்து பார்த்தபோது வழக்கறிஞரின் மகள், அந்த வீட்டுச் சினியோரா, இவரே இருக்கட்டும் என்றுவிட்டாள். இவரும் இருந்துவிட்டார். அந்த வேலையைக் காட்டித்தான் பிறகு என்னை இத்தாலிக்கு எடுத்தார். நான் வந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் இந்தக் கதை என் காதில் விழுந்தது, அதுவும் கோயில் வாசலில், வேறொருத்தி வாயால்.

அண்ணை அதன்பிறகு சீசா பக்கத்து அடுக்குமாடிகளில் படி கழுவினார். ஒரு ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கும் வந்தார். வந்து என்ன, என் தேத்தண்ணீரில் சாயம் போதாது என்று குறையும் சொன்னார். இவர்மீது கோபம் இல்லையோ, அல்லது கோபத்தைத்தான் வந்து வந்து காட்டுகிறாரோ என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

இவருடைய கால் போனது ஒரு வசந்தகாலத்தில். அந்த மாளிகையில் லிப்ட் ஓடிய நாட்களைவிட நின்ற நாட்கள்தான் அதிகம். வழக்கறிஞரைச் சக்கர நாற்காலியோடு சலவைக்கல் படிகளில் இறக்கும்போது சக்கரம் வழுக்கியிருக்கிறது. இவர் கீழ்ப்படிக்குப் பாய்ந்து தன் உடம்பைக் கொடுத்து நாற்காலியைத் தடுத்தார். கிழவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவருடைய முழங்கால் படி விளிம்பில் திருகிக்கொண்டது. சினியோரா இவருடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, ஒரு தட்டு நிறைய இனிப்பும் கட்டிக் கொடுத்துவிட்டாள். காலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் இவர் சொல்லியிருக்க மாட்டார்.

பெர்மெசோ புதுப்பிக்கும் காலம் நெருங்கியிருந்தது. தங்கியிருக்க அனுமதிக்கும் அந்தக் கடதாசிக்கு, இவர் தன்னிடம் வேலை செய்கிறார் என்று சினியோரா கையெழுத்து வைக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலில் மாவுக்கட்டு. மாவுக்கட்டென்றால் வேலைக்கு வேறு ஆள். வேலை போனால் கடதாசி போச்சு, கடதாசி போனால் நாங்கள் இரண்டு பேரும் போச்சு. இவர் கணக்கு அது. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்தக் கிழமைதான் தம்பியின் புதுக் கசற் வந்தது. "விடாமல் பாருங்கோ, இப்பிடி ஒரு மட்ச் இனி வராது" என்று மேலே எழுதியிருந்தான். ஞாயிறு கூட்டம் நிறைந்துவிட்டது. இவர் கதிரையில் இருந்து, காலை முக்காலியில் நீட்டி, மேலே ஒரு சாரத்தைப் போர்த்தியிருந்தார். சுளுக்கு என்று சொல்லியிருந்தார்.

ஆட்டம் உண்மையில் பேயாட்டம்தான். மழை, சேறு. எங்கள் அணி தொடக்கத்திலிருந்தே பின்னால். இரண்டு பேரைத் தூக்குப்படுக்கையில் கொண்டு போனார்கள். ஒருவனுடைய தோள் கழன்று தொங்கியதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பினேன். அணித்தலைவனுக்கு முழங்கால் போய்விட்டது. வெளியே கொண்டுபோய் இறுக்கச் சுற்றிக் கட்டினார்கள். அவன் டொக்டரின் கையைத் தட்டிவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினான். ஓடினான் என்பது பேச்சுக்கு, நொண்டினான். கடைசி நேரத்தில் பந்தைப் பிடித்து உதைத்தவனும் அவன்தான். சைரன் ஊதியபோது எங்கள் அணி ஒரு புள்ளியால் முன்னுக்கு நின்றது. அவன் அந்த இடத்திலேயே விழுந்தான்.

எங்கள் வீட்டில் துள்ளிக் குதித்தார்கள். கீழே தும்புத்தடி இடித்தது. பிறகு வழக்கம்போலக் கதை தொடங்கியது. தோள் கழன்றவனுக்குப் பதில் வந்தவன் சரியில்லை என்று ஒருவர், இவ்வளவு காயத்தோடு அடுத்த ஆட்டத்துக்கு ஆள் காணுமோ என்று இன்னொருவர். ஆனால் எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது அணித்தலைவனைத்தான்.

"பாத்தீரோ?" என்று இவர் என்னிடம் சொன்னார். "கால் போனாலும் மைதானத்தை விட்டுப் போகேல்லை. அவனெல்லோ ஆம்பிளை."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்று கண்மண் தெரியாத கோபம் வேறு.

"அவன் விழுந்தா ஓடிவர நாலு டொக்டர்மார் நிக்கினம். நீங்கள் விழுந்தா ஆர் வாறது?" என்று சாரத்தை இழுத்து எறிந்தேன். "எல்லாரும் பாருங்கோ. இதுவும் ஒரு முழங்கால்தான்."

கறுத்து, பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. மன்னார் அண்ணை எழும்பி வந்து குந்தியிருந்து, இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். இவர் உதட்டைக் கடித்தார்.

"தம்பி, இது சுளுக்கில்லை. உள்ளுக்கை என்னவோ அறுந்திருக்கு," என்றார் அண்ணை. "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. மாறும்மட்டும் உன்ரை இடத்துக்கு நான் போறன்."

"வேண்டாம் அண்ணை."

"படி கழுவுறதை விடியவே முடிச்சிடுவன். எனக்கும் அந்த வீடு பழக்கம்தானே."

"வேண்டாம் எண்டுறன்."

"நான் திருப்பித் தருவன், தம்பி."

இவர் அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "நானும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டு உங்கடை இடத்துக்குப் போனனான்."

ரீ.வி.யில் வென்றவர்கள் கட்டிப்பிடித்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அதை நிற்பாட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணை முழங்காலில் கை ஊன்றி எழும்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். அன்று தேத்தண்ணீருக்குக் குறை சொல்லவும் இல்லை. எனக்கு இரண்டு பேரிலும் ஆத்திரம் வந்தது. இவரில் கொஞ்சம் அதிகமாகவே.

திங்கட்கிழமை இவர் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்துக் காலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அப்படியே வசந்தம் போனது, கோடையும் வந்தது. நொண்டாமல் நடக்கிறது போல நடக்கப் பழகிக்கொண்டார். சினியோராவுக்கு முன்னால் மட்டும்தான் அந்த நடை. எங்கள் படிகளில் கைபிடியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்குவார். வலிக்குளிசைகளை இனிப்பு மாதிரி விழுங்கினார். நான் கத்தினேன், அழுதேன், இரண்டு நாள் கதைக்காமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

சினியோரா கையெழுத்து வைத்தாள். குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில் விடியப்புறமே வரிசையில் நின்று, ஒருநாள் புது பெர்மெசோவோடு வந்தார். "வெண்டிட்டம்," என்று அதை என் கையில் வைத்தார். எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. அந்த ஞாயிறு கோழி வாங்கிச் சமைத்தேன்.

கூட்டம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி தொலைபேசி எடுத்தான். அந்த அணித்தலைவனின் ஆட்டம் அன்றோடு முடிந்ததாம், கால் இனிச் சரிவராது என்று சொல்லிவிட்டார்களாம். நான் எல்லோருக்கும் சொன்னேன். "எண்டாலும் வெண்டு குடுத்திட்டானே," என்றார் ஒருவர், எலும்பை உறிஞ்சிக்கொண்டு. வென்றது அணி, முழங்கால் அவனுடையது என்று எனக்கு வாயில் வந்தது, சொல்லவில்லை. இவர் கோப்பையை வைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார்.

"ஒப்பரேசன் செய்தும் சரிவரேல்லையோ?" என்று கேட்டார். பிறகு, "எவ்வளவு நாளைக்குப் பிறகு செய்தவை?" என்றார். தொலைபேசி திரும்ப என் கைக்கு வந்ததும் தம்பி, "அத்தான் ஏன் இதைத் துருவித் துருவிக் கேக்கிறார்?" என்றான்.

அடுத்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எப்போது நடந்தது என்று கேட்டார். இவர் சொன்னார். "இவ்வளவு காலமும் ஏன் வரவில்லை?" என்று கேட்டார். "வேலை," என்றார் இவர். டொக்டர் இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத்தான் மிச்சத்தைச் சொன்னார். அறுந்ததோடு நடந்து நடந்து உள்ளே எல்லாம் தேய்ந்துவிட்டது. வெட்டிச் சரிப்படுத்தலாம், ஆனால் பழைய கால் இல்லை. உடனே வந்திருந்தால் கதை வேறு.

"என்ரை இடத்துக்குப் போகச் சொல்லி அண்ணையிட்டைக் கேளும்," என்றார் இவர் பேருந்தில், சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு. நான் கேட்டேன். அண்ணை அந்த மாளிகை வீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு போனார்.

ஒப்பரேஷன் முடிந்து இவர் வீட்டில் கிடந்த காலம் முழுக்க அந்தத் திறப்பைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தார். போனது போனதுதான் என்பார். அவரை நானும் குற்றம் சொல்ல ஏலாது என்பார். அண்ணை ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. அதுவே இவருக்குச் சாட்சியாக இருந்தது. எனக்கும்தான்.

ஒரு வியாழன் பின்னேரம் அண்ணை வந்தார். நின்றபடியே திறப்பை மேசையில் வைத்தார்.

"சினியோரா என்னையே நிக்கச் சொன்னவ. இது என்ரை இடமில்லை, இடம் பாத்துக்கொண்டு நிக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். திங்கக்கிழமை நீ வருவாய் எண்டும் சொன்னனான்."

இவர் திறப்பை எடுத்தார். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ஒருக்காப் படியிலை பாத்திட்டு வாறன்," என்று வெளியே போனார். கைபிடியைப் பிடித்து இறங்கிவிட்டார். ஏறத்தான் முடியவில்லை. மடியாத காலை ஒரு படியில் தூக்கி வைப்பார், உடம்பு கூட வராது. நான் இறங்கப் போனேன். அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார். இவர் திரும்பத் திரும்ப முயன்றார். திங்கட்கிழமை இவர் போக வேண்டியதோ ஒரு மனிதரை நாற்காலியோடு படியில் தூக்கி இறக்கும் வேலை. பிறகு அப்படியே படியில் இருந்துவிட்டார்.

அண்ணை இறங்கிப்போய்ப் பக்கத்தில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் ஏன் திருப்பித் தந்தனீங்கள்?" என்றார் இவர், அழுதுகொண்டு.

"சொன்னனான்தானே, தம்பி," என்றார் அண்ணை.