ஆள் பேர் சொல்லக் கூடாது

சௌந்திரத்துக்கும் மூன்று கொழுந்தன்மாருக்கும் மோகனூரில் ஒரே கிணறு. எது கெட்டாலும் நால்வரும் ஒருவரையொருவர் ஏசுவார்கள். அதனால் சௌந்திரம் ஒரு சட்டம் போட்டிருந்தாள்: ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும், ஆள் பேர் சொல்லக் கூடாது, சொன்னதை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்.

அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரையில் கிணற்று எஞ்சின் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை. கரும்பு வாடியது.

"பெல்ட்டு தொளதொளன்னு இருக்குமுங்க அண்ணி" என்றான் மூத்த கொழுந்தன். இல்லை, இறுக்கமாகவே இருந்தது.

"ஊத்து வத்திப்போச்சுங்க" என்றான் நடுக் கொழுந்தன். கிணற்றில் ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது.

"குழாய்ல ஓட்டைங்க" என்றான் கடைசிக் கொழுந்தன் சின்னுசாமி. ஓட்டையும் இல்லை.

சௌந்திரம் சொன்னதுதான் மிச்சம்: குழாயின் அடிவாய் அடைத்திருக்கும். சின்னுசாமி முங்கி, போன வாரம் துவைக்கும்போது அவள் தொலைத்த பச்சை ரவிக்கையோடு மேலே வந்தான்.

"இது யாருதுங்க அண்ணி?"

"ஆள் பேரு சொல்லக்கூடாது சாமி. எஞ்சினப் போடு."

பொழுது சாய்வதற்குள் கரும்பு நனைந்துவிட்டது. வேலியில் காய்ந்த ரவிக்கையை மூன்று நாளாக யாரும் எடுக்க வரவில்லை.