ஹெலிகாப்டர் ஓட்டிய தம்பி

என் தம்பி, சித்தப்பா மகன், விமானப்படையில் ஹெலிகாப்டர் ஓட்டினான். நான் விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிறேன். இதில் எது பெரிய வேலை என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்கவே தேவையில்லை என்று நினைக்கிறார்கள்.

பனிமலையில் இருக்கும் சிப்பாய்களுக்கு ரேஷன் கொண்டுபோய் இறக்கினான். வெள்ளத்தில் மொட்டைமாடியில் தவித்தவர்களைத் தூக்கினான். லீவில் வந்தால் தெருவே அவன் வாசலில் நிற்கும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். ரிடையரானதும் சென்னையில் செட்டிலாவான், தொல்லை விட்டது என்றிருந்தேன். இங்கேயே வந்துவிட்டான். போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் போக நினைக்கும் பெண்களுக்குக் காலையில் காலேஜ் மைதானத்தில் இலவசமாகப் பயிற்சி கொடுக்கிறான். கருவேப்பிலங்குறிச்சி, நல்லூரிலிருந்தெல்லாம் முதல் பஸ்ஸில் வருகிறார்கள்.

வந்துவிட்டுப் போகட்டும். என் மகளும் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முன்பெல்லாம் காலையில் என்னோடு ஷெட்டுக்கு வந்து, சூளையிலிருந்து எடுத்த சரக்கில் விரிசல் விட்டதை ஒதுக்கித் தருவாள். அது நின்றுபோனது. சோற்றில் கை வைத்தால் சித்தப்பா அப்படிச் சொன்னார், இப்படிச் சொன்னார் என்று ஆரம்பிப்பாள். நான் பேசினால் போனைப் பார்ப்பாள்.

ஒருநாள் மைதானத்துக்கே போனேன். எல்லார் முன்னாலும், "சரக்கு அப்படியே கெடக்குது, வூட்டுக்கு வா" என்றேன். அவள் தலை குனிந்தாள்.

அவன் ஓடி வந்து, "வாங்கண்ணே" என்றான். பிறகு அவளிடம் திரும்பி, "ஸ்கூல்ல உங்கப்பாவ நான் ஒரு தடவகூட முந்துனதில்லம்மா. அவரு முதுகப் பாத்துத்தான் ஓடக் கத்துக்கிட்டேன்" என்றான்.

பெண்கள் கைதட்டினார்கள். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவனைப் பார்க்கும்போது அவள் முகத்தில் வரும் வெளிச்சம் அது. எனக்கு வந்து சேர்ந்தது, அவன் கொடுத்து.

வண்டியில் திரும்பும்போது, "ஏம்ப்பா இத்தினி நாளா சொல்லல? சித்தப்பா சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

என்னை மடக்க அவன் வேண்டுமென்றே அப்படிச் சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் மனசாரச் சொன்னான். மறுநாள் காலை அவள் ஷூ போட்டுக்கொண்டு, "போயிட்டு வரேம்ப்பா" என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதையும் அவன் பிடுங்கிக்கொண்டான்.