பி.எட். காசு எங்கனருந்து வந்துச்சு

காலேஜ் கவுண்டர்ல ரசீதைக் கையில வாங்குனதும் எனக்குச் சந்தோசம் வரல, சந்தேகந்தான் வந்துச்சு. ஒரு வருச ஃபீஸையும் மொத்தமாக் கட்டியாச்சு. பட்டாளத்துல இருக்குற என் வீட்டுக்காரர் சம்பளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியாதா? வீட்டு லோனுக்குப் போக, அத்தைக்குப் போக, மிச்சத்துலதான் எங்க சாப்பாடே ஓடும். இப்ப பி.எட். படிக்க வைக்கிற அளவுக்குக் காசு எங்கனருந்து முளைச்சுச்சு?

போன்ல கேட்டேன். "ஆர்மியில சம்சாரம் படிக்கிறதுக்குன்னு குடுக்குறாக புள்ள. நீ படி, மத்ததை நான் பாத்துக்கிறேன்"னு சொன்னாக.

நான் விடுவேனா? தேனிக்கு மிலிட்டரி கேன்டீன்ல சாமான் வாங்கப் போனப்ப, என்னைய மாதிரியே பட்டாளத்துக்காரரைக் கட்டுனவுகளாப் பாத்து விசாரிச்சேன். அப்படி ஒண்ணு இருக்கத்தான் செய்யுதாம். ஆனா எழுதிப் போட்டு, பரீச்சை எழுதி, மார்க்கைக் காமிச்ச பெறகுதான் வருமாம். "படிக்கச் சேரும் முன்னாடியே உனக்கு மட்டும் யாரு குடுத்தா?"ன்னு ஒரு அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்துச்சு. வாங்குன சாமானைக்கூட எண்ணிப் பாக்காம வீட்டுக்கு வந்துட்டேன்.

வீட்டுல அத்தைக்கு வேற மாதிரிச் சந்தேகம். நான் பி.எஸ்சி. கணக்கு முடிச்சுட்டுக் கட்டிக்கிட்டு வந்தவ. டீச்சர் வேலைக்குப் போகணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. காலையில சேலையைத் தேச்சுக் கட்டிக்கிட்டு, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கெளம்புனா, அத்தை வாசல்ல நின்னு தெருவுக்கே கேக்குற மாதிரிச் சொல்லும்: "எம் மகன மொட்டையடிச்சுட்டுத்தான் இவ ஓய்வா." யாரு யாரை மொட்டையடிக்கிறான்னு எனக்கே தெரியலையே அத்தைன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டுப் போவேன்.

இதுல இன்னொண்ணையும் சொல்லணும். அவுக யூனிட்டு அதுக்கு முன்னாடி பனிமலையில இருந்துச்சு. அந்த முறை முடிஞ்சு கீழ இறங்கி, குடும்பத்தைக் கூட்டிப் போய் வச்சுக்கிடுற ஊருக்கு மாறிருச்சு. அதே யூனிட்டுல இருக்குற ஓடைப்பட்டிக்காரர் ஒருத்தர் சம்சாரத்தைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாரு. அந்தப் புள்ள என்னைய அக்கா அக்கான்னு சுத்தி வரும். அவளுக்குக் குவார்ட்டர்ஸ் கெடச்சிருச்சு, நம்ம ஆளு மட்டும் "இன்னும் முறை வரல"ன்னு சொல்றாக. இவுகதான் சர்வீஸ்ல மூத்தவுக! மூத்தவுகளுக்கு வீடு இல்லாம இளையவருக்கு எப்படிக் குடுப்பாக?

பேச்சும் சரியில்ல. நான் ஒண்ணு கேட்டு முடிச்சா, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். ஆகா, பொய்யை யோசிச்சுத் தயார் பண்றாகடோய்னு நினைப்பேன். வீடியோல வாங்கன்னா நெட் இல்லம்பாக. ஊருபூரா நெட் இருக்கு, மேகமலை எஸ்டேட்ல கூட இருக்கு, இவுக இருக்குற டவுன்ல இல்லையாம். யாரு காதுல பூ சுத்துறாக?

ஒரு நாள் வேணும்னே சொன்னேன். "நான் காலேஜை விட்டுட்டு அங்கன வந்துர்றேன். வாடகைக்கு ஒரு ரூமு பாருங்க, போதும்."

அப்புறம், "கிறுக்கு மாதிரிப் பேசாத. கட்டுன ஃபீஸு போயிரும்ல"ன்னாக.

பொண்டாட்டி வர்றேன்னு சொன்னா எந்தப் பட்டாளத்துக்காரன் வேண்டாம்பான்? அன்னைக்கே ஓடைப்பட்டிப் புள்ளைக்குப் போன் போட்டேன். "உங்க அண்ணனைப் பாத்தியாடி?"ன்னு சும்மா கேக்குற மாதிரிக் கேட்டேன். அவ தயங்கித் தயங்கிச் சொன்னா: "அக்கா, நான் வந்ததுலருந்து அண்ணனை இங்கன பாக்கவே இல்லக்கா. இவுகட்ட கேட்டா, உனக்கெதுக்கு அதுன்னு எரிஞ்சு விழுறாக."

போனை வச்சேன். இன்னொருத்தி இருக்கா, வசதியானவ, அவ காசுலதான் நான் படிக்கிறேன்னே முடிவு கட்டிட்டேன். வாயைக் கட்டுறதுக்குத்தான் எனக்கு இந்தப் படிப்பு. அதுக்கப்புறம் கிளாஸ்ல குழந்தை மனசு, பாடத் திட்டம்னு என்னென்னமோ நடத்துனாக, என் தலையில ஒண்ணும் ஏறல. நேர்ல வரட்டும், ரெண்டுல ஒண்ணு பாத்துர்றதுன்னு இருந்தேன்.

சித்திரையில லீவுக்கு வந்தாக. ஆளே கறுத்து, மூக்குத் தோலு உரிஞ்சு, கன்னம் ஒட்டிப் போயிருந்தாக. "அங்கன வெயில் ஜாஸ்தி"ன்னாக. அவுக குளிக்கப் போன நேரத்துல பையைக் கவுத்துக் கொட்டுனேன். சட்டையை மோந்துகூடப் பாத்தேன், எனக்கென்ன வெக்கம்? பொம்பள சாமான் எதுவும் இல்ல. தடிதடியாக் கம்பளிச் சாக்ஸ் மட்டும் கெடந்துச்சு. வெயில் ஊருலருந்து வர்ற ஆளுக்குக் கம்பளிச் சாக்ஸ் எதுக்கு?

மறுநாள் மத்தியானம் மொட்டை மாடியில அத்தை காயப் போட்ட கூழ்வத்தல்ல குரங்கு புகுந்துருச்சு. அவுக வெறுங்காலோட மேல ஓடுனாக. நானும் அவசரத்துல செருப்பில்லாமப் பின்னாடியே ஏறிட்டேன். காலை வச்சேனோ இல்லையோ, "ஆத்தீ"ன்னு துள்ளி, தண்ணித் தொட்டி நிழலுக்குள்ள போயி விழுந்தேன். தோசைக்கல்லு மாதிரிக் கொதிக்குது தளம். அவுக நடு மாடியில நிக்கிறாக. குரங்கை வெரட்டிட்டு, இடுப்புல கையை வச்சுக்கிட்டு, சாவகாசமா மலையைப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. காலை மாத்திக்கூட வைக்கல.

"சுடலையா?"ன்னேன்.

"எது?"ன்னாக.

அப்புறந்தான் குனிஞ்சு காலைப் பாத்தாக. பாத்துட்டுச் சட்டுனு நிழலுக்கு வந்தாக. அதுக்குள்ள நான் பாத்துட்டேன். பிடிச்சு உக்கார வச்சேன். பாதம் ரெண்டும் செவந்து கெடக்கு, இடது கால்ல கடைசி ரெண்டு விரலும் நெறம் செத்துப் போயிருக்கு. விரல்லயும் பாதத்துலயும் கிள்ளுனேன். நகம் பதியக் கிள்ளியும் அவுக மொகத்துல ஒரு அசைவும் இல்ல.

"எங்கன இருந்தீக?"

"மேல பனியிலதான். அதுல மரத்துப் போன காலு"ன்னாக. யூனிட்டு இறங்குனப்ப இவுக இறங்கல. அடுத்து ஏறுனவுகளோட இருக்குறேன்னு தானாப் பேர் குடுத்திருக்காக. பனியில இருக்குற மாசத்துக்கெல்லாம் சம்பளத்துக்கு மேல தனியாப் படி உண்டாம். அதுதான் என் ஃபீஸு. அங்கனருந்து சாட்டிலைட் போன்ல பேசுனா குரல் வந்து சேர நேரமாகுமாம். அந்தச் சத்தமில்லாத நேரத்தைத்தான் நான் பொய்யின்னு எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். ஆனா நான் சந்தேகப்பட்டது தப்புன்னு இன்னைக்கும் ஒத்துக்க மாட்டேன். பொய் சொன்னாகளா இல்லையா?

"யாரைக் கேட்டுப் பேர் குடுத்தீக?"ன்னு அடிக்கவே கையை ஓங்கிட்டேன். அழுகையும் வந்துருச்சு. "எனக்குப் படிப்பே வேணாம். நாளைக்கே நிப்பாட்டிர்றேன்."

"நிப்பாட்டுனா வெரலுக்கு உணர்ச்சி வந்துருமா?"ன்னாக.

ரெண்டாம் வருசத்துக்கு மறுபடியும் பேர் குடுத்திருக்காகன்னு துருவிக் கேட்டதுல தெரிஞ்சுச்சு. போனைக் கையில குடுத்து, யூனிட்டு ஆபீசுல பேரை எடுக்கச் சொல்லி, ஸ்பீக்கர்ல போட்டு என் காதால கேட்டப்புறந்தான் மாடியை விட்டுக் கீழ இறங்க விட்டேன். ரெண்டாம் வருச ஃபீஸுக்கு, அதே மாடியில சாயங்காலம் பத்தாவதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூசன் எடுக்குறேன். வெயில் தாழ்ந்ததும் அத்தைதான் தண்ணி ஊத்தித் தளத்தைக் குளுர வைக்குது. இப்பெல்லாம் மொட்டையடிக்கிற பேச்சே எடுக்குறதில்ல.

இப்ப அவுக கீழதான் இருக்காகன்னு சொல்றாக. சொன்னா நம்பிருவேனா? தெனமும் வீடியோல வரச் சொல்லி, மொகத்தைப் பாக்குறதுக்கு முன்னாடி, "காலைக் காமிங்க, வெரலை ஆட்டுங்க"ம்பேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு காலையும் தூக்கிக் காமிப்பாக. எட்டு வெரல் ஆடும்.