வெளிநாட்டவர் வரிசை

அயர்லாந்தில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கும் ரெஷ்மாவுக்கு ஆரியங்கோட்டிலிருந்து அண்ணன் பிபின் கூப்பிட்டான். ரப்பர் வெட்டப் போன அப்பா ரெத்தினதாஸ் தோட்டத்திலேயே விழுந்துவிட்டார்.

"அப்பாக்க நெஞ்சுல மூணு அடைப்பு உண்டாக்கும். நாளைக் கழிஞ்சு ஆப்பரேசன். நீ இப்பவே பிளேன் கேறி வா."

போன வருடம்தான் அவள் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாள். இந்தியக் குடியுரிமை அன்றோடு போயிற்று. பிறந்த ஊருக்கு விசா இல்லாமல் போய்வர உதவும் ஓசிஐ அட்டைக்கு எழுதிக்கொடுக்க அடுத்த மாதம்தான் தேதி கிடைத்திருந்தது.

"இந்தியன் பாஸ்போர்ட்டு கையில இருக்குல்லா? அதுல இன்னும் ரெண்டு வருசம் கெடக்கே!"

"அதுல வரப்பிடாது அண்ணா. குற்றமாக்கும். பிடிச்சா அப்பாவப் பாக்கவும் விடமாட்டாவ."

"அப்பா போனபெறவு விசா எடுத்து வா, போ!" பிபின் போனை வைத்துவிட்டான்.

கட்டணத்தைக் கட்டி இணைய விசாவுக்கு விண்ணப்பித்தாள். மூன்று நாள்வரை ஆகலாம் என்றது திரை. வார்டில் மருந்து கொடுக்கும்போதும் போனையே பார்த்தாள். பழைய பாஸ்போர்ட்டை இருமுறை கையில் எடுத்து, இருமுறையும் அலமாரிக்குள் வைத்தாள். ஆப்பரேசன் நடந்த அன்று மாலைதான் விசா வந்தது. அப்பா இன்னும் கண் விழிக்கவில்லை.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் வெளிநாட்டவர் வரிசையில் நின்றாள்.

"எவிடெயா ஜனிச்சது?" என்றார் அதிகாரி.

"பாறசாலை ஆஸ்பத்திரியில் சார்."

"பழய இந்தியன் பாஸ்போர்ட்?"

எடுத்து நீட்டினாள். குடியுரிமை வாங்கிய தேதியைக் கேட்டுக்கொண்டு, அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்தத் தேதிக்குப் பின் ஒரு முத்திரையாவது இருக்கிறதா என்று தேடுகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. உள்ளே போய் இன்னொருவரிடம் காட்டிவிட்டு வந்தார். இருபது நிமிடம்.

"இது சரண்டர் செய்யணும், கேட்டோ" என்று சொல்லிப் புது பாஸ்போர்ட்டில் முத்திரையைக் குத்தினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பிபின் அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஐசியூவுக்குள் போனாள். அப்பா கண் திறந்திருந்தார்.

"மக்ளே, வந்துட்டியா? வல்லதும் தின்னியா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

ரெஷ்மா தலையாட்டினாள். பிறகு வெளியே வந்தாள். பிபின் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்ற ஜீப்பை நோக்கி நடந்தான்.