தேய மறுத்த டயர்

எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் அக்காவுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்களின் முறிந்த எலும்பைப் படம் பிடிப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தன் எலும்பையும் அந்த வரிசையில் சேர்க்கப் பார்ப்பது அவள் பொழுதுபோக்கு. மருத்துவமனையில் இப்படித்தான் அவளைக் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துவிட்டு, "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று அடுத்த நோயாளியிடம் போய்விடுவாள்.

எல்லாம் அவள் தம்பி செய்த வேலை. வெளிநாட்டுக்குப் போகிறவன் தன் மோட்டார் சைக்கிளை அக்கா வீட்டு ஷெட்டில் போட்டுவிட்டுப் போனான். சீட்டே இல்லாத வண்டி. நின்றபடிதான் ஓட்ட வேண்டும். ட்ரையல்ஸ் என்ற விளையாட்டுக்கென்றே செய்தது. அந்த விளையாட்டில் வேகத்துக்கு மரியாதையே கிடையாது. பாறை, மரக்கட்டை, சேறு என்று எது குறுக்கே வந்தாலும் ஆமை நடையில், கால் ஊன்றாமல் ஏறி இறங்க வேண்டும். கால் தரையில் பட்டால் ஒவ்வொரு முறைக்கும் ஒரு குற்றப் புள்ளி. விழுந்தாலோ நின்றுபோனாலோ ஐந்து. சும்மா கிடந்தால் எஞ்சின் இறுகிப் பிடித்துக்கொள்ளுமே என்று ஒரு நாள் கிளப்பிப் பார்த்தாள். அன்று பிடித்தது எஞ்சினை அல்ல, அவளை.

ஊருக்கு வெளியே கல் எடுத்து முடித்த குவாரி ஒன்று இருந்தது. சங்கத்துக்காரர்கள் அங்கேதான் கூடுவார்கள். அக்கா அங்கே தொடக்க வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த வருடமும் அதே வகுப்பு, அடுத்த வருடமும் அதே வகுப்பு. கூட ஓட்டியவர்கள் எல்லாம் மேலே போய்விட, அவள் மட்டும் புதிதாக வருகிறவர்களுக்கு ஹெல்மெட் வாரைப் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காரணம் மொட்டைப்பாறை. இடுப்பு உயரத்தில் தொடங்கிச் சரிவாக மேலே போகும் ஒரே கல். நடுவில் ஊற்று கசிந்து எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்த ஈரத்தில் அக்காவின் பின்சக்கரம் 'சர்ர்' என்று சுற்றும். வண்டி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம்.

மூன்றாவது வருட ஆரம்பத்தில் சங்கச் செயலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். சங்கடத்தில் தொப்பியைக் கழற்றி மாட்டினார், மாட்டிக் கழற்றினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து தொடக்க வகுப்பு புதுசா வர்றவங்களுக்கு மட்டும்தான். இந்த வருஷக் கடைசிப் போட்டியில மொட்டைப்பாறைய விழாம தாண்டிட்டீங்கன்னா மேல் வகுப்பு."

"தாண்டலைன்னா?"

"புள்ளி போட ஆள் வேணும். குடைக்குக் கீழ நாற்காலி போட்டுத் தர்றோம்."

உட்கார இடமில்லாத வண்டிக்கு அக்கா ஆசைப்பட்டது நாற்காலியில் உட்காருவதற்கா? அன்றே டயர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் பின் டயரைக் குனிந்து பார்த்தார், கட்டை விரலால் அழுத்தினார், நிமிர்ந்தார்.

"யாரு வாங்கினது இது? இது கல்லு. கல்லு மேல கல்லு எப்படிம்மா ஒட்டும்?"

வாங்கியது அவள் கணவர். தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் கீப்பர். எந்தச் சாமான் வாங்கினாலும் முதலில் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். நகம் பதிந்தால் மட்டம், பதியாவிட்டால் தரம். வாளி, செருப்பு, கதவு, கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் இதே பரீட்சைதான். கத்தரிக்காயில் மட்டும் அவ்வப்போது ஏமாந்திருக்கிறார். மனைவியின் வண்டிக்கு டயர் வாங்கப் போனவர், கடையில் இருந்த டயர்களையெல்லாம் நகத்தால் கிள்ளிப் பார்த்து, கொஞ்சமும் அசைந்து கொடுக்காத ஒன்றை ஆசையாகத் தூக்கி வந்துவிட்டார்.

சரி, வேறு டயர் வாங்கிவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அவள் சம்பாதிக்கிறவள். ஆனால் அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பழசை ஒப்படைத்தால்தான் புதுசு. ஸ்டோரில் உடைந்த திருகாணியைக் காட்டினால்தான் புதுத் திருகாணி கிடைக்கும் அல்லவா, அதே முறை. மொட்டையான பல் துலக்கும் பிரஷைக் கொடுத்தால்தான் புது பிரஷ். சட்டத்தைக் கொண்டுவந்தவர் அவர் என்றாலும், கறாராக நடத்தியவள் அக்காதான். போன மாதம்கூடப் புதுச் செருப்பு கேட்ட மனிதரிடம், "வார் இன்னும் அறுந்து போகலையே, போட்டுக்கிட்டு நடங்க" என்று வாயை அடைத்திருந்தாள். இப்போது எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய், நன்றாயிருக்கும் டயரைத் தூக்கிப் போடலாம் என்று கேட்பது?

ஆகவே அக்கா அந்த டயரைத் தேய்த்தே தீருவது என்று முடிவு செய்தாள். பாறையில் தேயாதது தார் ரோட்டில் தேயும். மறுநாளிலிருந்து மருத்துவமனைக்கு அந்த வண்டியில்தான் போனாள். அலுவலகம் போகிற கூட்டத்துக்கு நடுவே, சீருடையில், கைப்பையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, நின்றபடியே ஒரு பெண் வண்டி ஓட்டிப் போவதைப் பார்த்து பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிக்னலில் ஒருவர், "சீட்டை யாரோ திருடிட்டாங்கம்மா, கவனிக்கலையா?" என்று பரிதாபப்பட்டார். அக்கா நன்றி சொன்னாள். காய்கறி வாங்கவும் அதில்தான் போனாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போனாள். முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஆனாலும் தினமும் மாலை ஷெட்டுக்குள் குந்தி உட்கார்ந்து டயரின் பொத்தான்களைத் தடவிப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம். கட்டைகட்டையாக நிற்கும் அந்த ரப்பர்ப் பொத்தான்களின் முன் விளிம்புகள் ஒருவழியாக மழுங்க ஆரம்பித்திருந்தன.

கடைசிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, இனி ஒப்படைக்கலாம் என்று தீர்மானித்து வேலையிலிருந்து வந்தவள், ஷெட் வாசலில் அப்படியே நின்றாள். பின் டயர் புதிதாக நின்றது. விளிம்புகள் எல்லாம் கூர்மை. பக்கத்தில் கணவர் கையெல்லாம் கறுப்பாக, முகமெல்லாம் சிரிப்பாக.

"டயர் தேயுதுன்னு நீ தினமும் கவலைப்பட்டு தடவிப் பாக்குறத நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எங்க மெக்கானிக்க கேட்டேன். ஒரு பக்கம்தானே மழுங்கியிருக்கு, கழட்டித் திருப்பிப் போடுன்னான். மழுங்கினது பின்னால போச்சு, கூர் முன்னால வந்துடுச்சு. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு கவலையில்ல!"

அரை நாள் லீவு போட்டு, நெம்புகோலோடு மல்லுக்கட்டி, விரல் நசுங்கி, அவளுக்காகச் செய்திருக்கிறார். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அழுகைதான் முந்திக்கொண்டது.

"நான் கவலைப்பட்டு தடவலைங்க. எப்படா தேயும்னு தடவிக்கிட்டு இருந்தேன்!"

அவர் நெம்புகோலைக் கீழே வைத்தார்.

"எனக்கு நீடிச்சு உழைக்கிற டயர் வேணாம். பிடிக்கிற டயர் வேணும். அது சீக்கிரம் தேயும். தேயத் தேயத்தான் அது கல்ல பிடிக்கும். அந்தப் பாறைய தாண்டலைன்னா என்னைய குடைக்குக் கீழ உக்கார வெச்சிடுவாங்க. எனக்கு உக்காரப் பிடிக்கலைங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேர்த்தாள்: "செருப்பும் வாங்கிக்கோங்க. நான் அநியாயம் பண்ணிட்டேன்."

அவர் நசுங்கிய விரலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "இத முதல்லயே சொல்லியிருந்தா என் விரல் தப்பிச்சிருக்குமே" என்றார்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் எடுத்து வைத்த முதல் டயரில் அவருடைய நகம் முழுசாகப் புதைந்தது. மனிதர் வெலவெலத்துப் போனார்.

"இது எத்தனை மாசம் வரும்?"

"நீங்க கேக்குற கணக்குல வராதுங்க" என்றார் கடைக்காரர். "ஆனா எல்லாமே மெத்துன்னு இருந்தா கூர்க்கல்லு பக்கத்துல கிழிச்சிடும். இதப் பாருங்க. மேல மெத்து, பக்கச் சுவர் கெட்டி. மேல தேயும், உடம்பு உழைக்கும். காத்து மட்டும் ரொம்பக் கம்மியா வைக்கணும். பஞ்சர்னு நினைச்சு ஏத்திடாதீங்க."

கடைசி வாக்கியத்தை அவர் கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். கணவர் பக்கச் சுவரை நகத்தால் அழுத்தினார். பதியவில்லை. முகத்தில் ரத்தம் திரும்பியது. தன் நக மதம் காப்பாற்றப்பட்ட நிம்மதியோடு, "இதையே போட்டுடுங்க" என்றார்.

போட்டி நாளன்று மொட்டைப்பாறையைச் சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. புள்ளி போடுகிறவர் குடைக்குக் கீழே வசதியாக உட்கார்ந்திருந்தார். அக்கா அந்த நாற்காலிப் பக்கமே திரும்பவில்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளட்சை விட்டாள். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரம் ஈரத்துக்கு வந்தது. வழக்கமான 'சர்ர்' கேட்கவில்லை. காற்றுக் குறைந்த டயர் சப்பையாகப் படிந்து கல்லை அப்பிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறியது. அக்கா உச்சிக்கு வந்துவிட்டாள்.

வந்த பிறகுதான் சிக்கல். இத்தனை வருடத்தில் அவள் உச்சியைப் பார்த்ததே கிடையாது. அந்தப் பக்கம் எப்படி இறங்குவது என்று பழகவும் இல்லை, யாரையும் கேட்கவும் இல்லை. கீழே செங்குத்தாக ஒரு பள்ளம், அதன் முடிவில் எல்லையைக் காட்டும் இரண்டு துணிக்கொடிகள். நின்றால் ஐந்து. "அய்யய்யோ" என்று அவள் கத்தியது குவாரி முழுக்கக் கேட்டது. கத்திக்கொண்டே போனாள். பாதியில் வண்டி சாய்ந்தது, இடது கால் பாறையில் ஒரு உதை உதைத்தது, வண்டி நிமிர்ந்தது, கொடிகளைத் தாண்டிப் புதருக்குள் போய் நின்றது.

"ஒண்ணு!" என்றார் புள்ளி போடுகிறவர். ஒரே ஒரு கால். விழவில்லை. செயலாளர் தொப்பியைத் தூக்கி எறிந்தார்.

புதருக்குள்ளிருந்து கணவரைத் தேடினாள் அக்கா. அவர் பாறையடியில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். கைத்தட்டல் ஓய்ந்த பிறகுதான் விரல்களை விலக்கினார்.

"பாத்தீங்களா?"

"இல்ல" என்றார் அவர், பாவமாக. "நீ கத்தினப்பவே கண்ண மூடிட்டேன். எனக்கு எதுவுமே தெரியாது."

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றப் போனாள். அவர் வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கழட்டாத. இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்காமே?"

"அதுல எப்படிப் போனாலும் பரவால்லைங்க. மேல் வகுப்பு கிடைச்சாச்சு. வீணா எதுக்கு டயர தேய்க்கணும்?"

"தேயட்டும்" என்றார் ஸ்டோர் கீப்பர். "போ. இந்தத் தடவ நான் கண்ண மூட மாட்டேன்."