ராணியின் மூடிய இடது கை

மஸ்கட்டில் புதிதாகக் குடியேறிய வீட்டுக்கென்று ஒரு பழைய ஓவியம் வாங்கியிருந்தேன். மராத்திய அரச குடும்பத்துப் பெண். வெள்ளைப் புடவை, பொட்டில்லாத நெற்றி, நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். "விதவைப் படத்தையா கூடத்துல மாட்டுவாங்க?" என்று என் மனைவி மேகலா போனில் அழுதாள். 2003 விடுமுறையில், பொட்டு வைத்துச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி, தஞ்சாவூரில் முகம்மது யூசுப் பாய் கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே சட்டத்துக்கு ஆணி அடிப்பவள் அம்சம். பூதலூர்க்காரி. முந்தின வருஷம் வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் அவள் புருஷன் வீரையனின் மண்டையை மண்வெட்டியால் பிளந்துவிட்டார்கள். மிஞ்சியது அவள் பெயரில் இருந்த முக்கால் ஏக்கர்.

"இடது கையில என்ன வச்சிருக்காங்க சார்?" அம்சம் படத்தைக் காட்டிக் கேட்டாள்.

"கைக்குட்டையா இருக்கும்."

"கைக்குட்டைய இப்படியா இறுக்குவாங்க? கட்டவிரலை உள்ள மடக்கியிருக்காங்க பாருங்க. யாரோ பத்திரத்துல ரேகை கேட்டிருக்கான். இவங்க குடுக்கல."

"ராணிகிட்டயா?" பாய் சிரித்தார்.

"புருஷன் போயிட்டா ராணி என்ன, நான் என்ன பாய்?"

அப்போதுதான் அவள் கொழுந்தன் ராம்கி உள்ளே வந்தான். அந்த நிலத்தை விற்று மலேசியா போகத் துடிப்பவன். மஞ்சள் பையிலிருந்து பத்திரத்தையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தான்.

"வைங்க அண்ணி. ஒரு நிமிஷ வேலை."

அவள் அசையவில்லை. தலைமுடியைப் பிடித்து மேசைக் கண்ணாடியில் முகத்தை மோதினான். கண்ணாடி நொறுங்கியது. "வைடி!" தடுக்க வந்த பாயை எட்டி உதைத்தான். நான் கதவோரம் நின்றேன். போலீஸ், சாட்சி, பத்து நாளில் விமானம். என் மனதில் ஓடியது அதுதான்.

இடது கையை அவன் மைக்கு இழுத்தபோது அவள் ஒரு கண்ணாடிச் சில்லை உள்ளங்கையில் வைத்து இறுக மூடினாள். விரித்தபோது கட்டைவிரல் சதை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவளே பத்திரத்தில் அழுத்தினாள்.

"இந்தா, எடுத்துக்க."

ரத்தம்தான் ஒட்டியது. ரேகை இல்லை.

வலது கைக்குப் பாய்ந்தான். அதில் சுத்தியல் இருந்தது. மேசை விளிம்பில் அவன் விரல்கள் முறிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பத்திரத்தைக்கூட எடுக்காமல் அலறிக்கொண்டு ஓடினான்.

அவள் கையில் துணி சுற்றியபடி பாய் கேட்டார்: "பொட்டு வைக்கணுமா சார்?"

"வேணாம் பாய்."

படம் அப்படியே எங்கள் கூடத்தில் இருக்கிறது. நிலம் இன்றும் அம்சம் பெயரில்தான். ரேஷன் கடை மெஷின் மட்டும் அவள் இடது கட்டைவிரலை ஒப்புக்கொள்வதில்லை. சிவப்பு விளக்கு எரியும். வலது கையை நீட்டுவாள்.