நுரை பொங்கிய இடம்

ராஜபாளையத்தில் என் பழைய காரைப் பார்த்த மெக்கானிக் ஒல்லியானவர். எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். அன்றும் அப்படிக் கேட்டுவிட்டு, "பின்சீட்டுல உக்காந்தா தலை வலிக்கா?" என்றார்.

"எனக்கு வலிக்கும்ண்ணே. இவுகதான் நம்ப மாட்டாக" என்றாள் என் மனைவி.

வன்னியம்பட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்கு இந்தக் காரில் போகும்போதெல்லாம் பின்சீட்டில் தலையைப் பிடித்துக்கொள்வாள். அங்கே போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று ஏசியிருக்கிறேன்.

எஞ்சின் சூடேறுமுன் அவர் சைலன்சர் வாயைத் துணியால் அடைத்து, அடியில் குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரிடத்தில் நுரை பொங்கியது.

"இதுவழியாத்தான் புகை உள்ள ஏறுது அண்ணாச்சி. கண்ணாடிய ஏத்திட்டுப் போனா ஆளையே கொன்னுரும்."

ஓட்டையை அடைத்தபின் எங்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் வரை ஓட்டிப் பார்த்தார். இறங்கியதும் என்னிடம் எதுவும் சொல்லாமல், "இப்ப எப்படி இருக்கு தாயி?" என்று அவளிடம் கேட்டார்.

நான் ஒருநாளும் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.